ஆனைமங்கலத்து நெல்லும் நாகைக் கோபுரத்துச் செங்கலும்

8,943 கலம், 2 தூணி, 1 குறுணி, 3 நாழி நெல். ஆனைமங்கலம் என்ற சோழநாட்டு ஊர் ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய வரி இது. நெல் போய்ச் சேர வேண்டிய இடம், நாகப்பட்டினத்தில் இருந்த சூளாமணிவர்ம விகாரம் என்னும் புத்தப் பள்ளி. அதைக் கட்டி முடித்தவன் ஸ்ரீவிஜயத்துக்கும் கடாரத்துக்கும் அரசனான மாறவிஜயோத்துங்கவர்மன். தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரை அதற்கு வைத்தான். வரியை எழுதிக் கொடுத்தவன் முதலாம் ராஜராஜ சோழன். ஆட்சியாண்டு 21, நாள் 92. கி.பி. 1006 வாக்கு.

கடாரம் என்பது நம் கெடா. ஆகவே இது நம் மண்ணின் அரசன் ஒருவன் தமிழ்நாட்டுக் கடற்கரையில் திறந்து வைத்த கணக்கு. அதைத் திறந்த நாளிலிருந்து மூடிய நாள் வரை வரிவரியாகப் பார்ப்பதுதான் இங்கே வேலை.

கெடாவின் கரங்கான் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குச் செக்ரோல் என்றால் விளக்கம் வேண்டாம். ஆள் எவ்வளவு உழைத்தாலும் அந்தக் கூலிப் பதிவுப் புத்தகத்தில் பெயர் ஏறாவிட்டால் மாதக் கடைசியில் கையில் காசு இல்லை. கோபுரங்களுக்கும் அதே விதிதான் என்பது என் முடிவு. எத்தனை செங்கல் அடுக்கினார்கள் என்பது அதன் பிறப்பைச் சொல்லும். அது எத்தனை காலம் நிற்கும் என்பதை, யாருடைய புத்தகத்தில் ஆண்டுதோறும் அதற்கு ஒரு வரி எழுதப்பட்டது என்பதுதான் சொல்லும்.

வரவு

ஆனைமங்கலத்தின் பரப்பு 97 வேலியும் சில்லறையும். 12 குறுணி ஒரு கலம், 8 நாழி ஒரு குறுணி என்று பிரித்தால் மொத்த வரி 8,58,603 நாழி. நாளொன்றுக்கு 2,352 நாழி, அதாவது இருபத்து நாலரைக் கலம். வேலிக்குச் சுமார் 92 கலம். இன்றைய தஞ்சை வழக்கில் ஒரு வேலி ஆறரை ஏக்கருக்குச் சற்றுக் கூடுதல் என்பதால், நிலம் ஏறக்குறைய 640 ஏக்கர். சோழர்கால அளவுகோல் இடத்துக்கு இடம் மாறியதால் இதைத் தோராயக் கணக்காகவே கொள்ள வேண்டும். மலாயாவில் 100 ஏக்கருக்கு மேற்பட்டதைத்தான் தோட்டம் என்று கணக்கெடுத்தார்கள். அதைப் போல ஆறு மடங்குக்கு மேல் நிலம், ஒரே ஒரு பள்ளிக்கு.

இது பெரிய தொகையா? அதே ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகள் (கோயில் ஆடல் மகளிர்) 400 பேரைக் குடியமர்த்தினான். ஒவ்வொருத்திக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல் வரும் பங்கு. அந்த ஓர் இனத்துக்கே 40,000 கலம். நாகை விகாரத்தின் முழு வருமானம் அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை; 89 பேருக்கான பங்குதான் தேறும். தஞ்சை விமானத்தின் உச்சிக்குக் கொடுத்த செப்புக் குடம் 3,083 பலம் எடை, அதன்மேல் போர்த்த பொன் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறரைக் கழஞ்சு என்று கல்லில் வெட்டி வைத்தவன் அவன். சொந்தக் கோயிலுக்குச் செய்ததோடு ஒப்பிட்டால் கடாரத்தான் பள்ளிக்குக் கிடைத்தது சிறியது. ஆனால் அது ஒருமுறை தந்த பொன் அல்ல, ஆண்டுதோறும் வரும் நெல். விளக்கெரிக்க, துறவிகளுக்குச் சோறிட, மழைக்குப் பின் சுவரைப் பூச, உடைந்த செங்கல்லை மாற்ற ஆண்டுதோறும் வருவதுதான் உதவும்.

கணக்கை எழுதிய முறையும் சாதாரணமானதல்ல. பிடியானையை நடத்தி ஊரின் எல்லையைச் சுற்றி வந்தார்கள். அண்டை ஊர்களின் எல்லைகளை ஒவ்வொன்றாகப் பதிந்தார்கள். சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எழுப்பலாம், கிணறு தோண்டலாம், தென்னை வைக்கலாம், செக்கு நாட்டலாம் என்று ஊருக்குரிய உரிமைகளைத் தனித்தனியே எழுதினார்கள். ராஜராஜன் வாய்மொழியாகச் சொன்ன ஆணையை, அவன் காலத்துக்குப் பின் மகன் ராஜேந்திரன் செப்பேட்டில் வெட்டுவித்தான். 21 ஏடுகள். வடமொழிக்கு 5, தமிழுக்கு 16. வளையமும் முத்திரையும் சேர்த்துச் சுமார் 30 கிலோ. டச்சுக்காரர் கையில் கடல் கடந்து, 1862 முதல் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் இருந்ததால் பெரிய லெய்டன் செப்பேடு என்று பெயர் பெற்றது. அதன் வடமொழிப் பகுதி விகாரத்தின் உயரத்தைப் பொன்மலையையே சிறிதாக்கிவிட்ட உயரம் என்கிறது. புலவர் கணக்கில் உயரம் மலையளவு. கணக்கர் பகுதியிலோ 3 நாழிகூடத் தப்பவில்லை. அந்த 3 நாழியில்தான் எனக்கு மதிப்பு அதிகம்.

இடையில் ஒரு போர்

1025இல் ராஜேந்திரனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியது. எந்த மகன் தந்தையின் சொல்லைச் செம்பில் வெட்டுவித்தானோ அவனே, கொடை எழுதப்பட்டு 19 ஆண்டுகளில், கொடை பெற்றவனின் நாட்டின்மேல் படை அனுப்பினான். 1068 வாக்கில் வீரராஜேந்திரன் மறுபடி கடாரத்தை வென்று, தன்னிடம் வந்து பணிந்த அரசனுக்கே திருப்பிக் கொடுத்ததாகச் சோழர் மெய்க்கீர்த்தி பேசுகிறது.

இத்தனைக்கும் பிறகு நாகைக் கணக்கு என்ன ஆயிற்று? 1090இல், முதலாம் குலோத்துங்கனின் 20ஆம் ஆட்சியாண்டில், கடாரத்து அரசனின் தூதர் இருவர் சோழ அவைக்கு வந்தார்கள். நாகையில் ராஜராஜப் பெரும்பள்ளி, ராஜேந்திரசோழப் பெரும்பள்ளி என இரண்டு பள்ளிகள் அப்போது இருந்தன. பள்ளிக்குரிய ஊர்களுக்கு வரிவிலக்கைப் புதிதாகச் செப்பில் எழுதித் தரும்படி கேட்டார்கள். சோழன் எழுதிக் கொடுத்தான். 3 ஏடுகள், 52 வரிகள். சிறிய லெய்டன் செப்பேடு இதுதான். கொடை தொடங்கி 84 ஆண்டு, முதல் படையெடுப்பு முடிந்து 65 ஆண்டு. படையெடுத்து வந்தவனின் பெயரிலேயே ஒரு பள்ளி நிற்க, தாக்கப்பட்ட நாட்டின் தூதர்கள் அதே கணக்கைப் புதுப்பிக்கக் கடல் தாண்டி வந்திருக்கிறார்கள். நம் பள்ளிப் புத்தகங்களில் 1025 இருக்கிறது, 1090 இல்லை. நான் பாடம் எழுதினால் இரண்டையும் ஒரே பக்கத்தில் வைப்பேன்.

மூன்று மாடி, 600 ஆண்டு

இனி கோபுரம். நாகப்பட்டினத்துக்கு வடக்கே ஒன்றிரண்டு மைல் தொலைவில், 19ஆம் நூற்றாண்டின் பாதி தாண்டும் வரை, ஒரு செங்கல் கோபுரம் நின்றது. ஊரார் புதுவெளிக் கோபுரம் என்றார்கள். மாலுமிகள் சீனக் கோபுரம் என்றும் கறுப்புக் கோபுரம் என்றும் சொன்னார்கள். நில அளவைப் படத்தில் அது சமணக் கோயில் என்று பதிவாகியிருந்தது.

அதற்கு ஒரு தேதி உண்டு. 1330களில் இந்தியப் பெருங்கடலைச் சுற்றிய சீனப் பயணி வாங் தாயுவான், நாகைச் சமவெளியில் மரங்களும் கற்களும் சூழ ஒரு செங்கல் கோபுரத்தைப் பார்த்ததாக எழுதினார். சியான்சுன் என்ற சீன ஆட்சிக் காலத்தின் மூன்றாம் ஆண்டு எட்டாம் மாதம் வேலை முடிந்தது என்று அதில் சீன எழுத்தில் இருந்தது. நம் கணக்கில் அது 1267, ஆகஸ்ட் செப்டம்பர் வாக்கு.

1006இல் கொடை பெற்ற விகாரமும் 1267இல் முடிந்த கோபுரமும் ஒன்றா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. இடைவெளி 261 ஆண்டு. என் கருத்து, ஒரே பௌத்த வளாகத்தில் பழையது சிதையச் சிதையப் புதியது எழுந்தது என்பதுதான். கோபுரம் நின்ற இடத்தைச் சுற்றி மண்ணுக்கடியில் கிடைத்த சிலைகள் அதற்கு வலுச் சேர்க்கின்றன. 1856இல் பக்கத்தில் ஓர் இலுப்பை மரத்தை வெட்டியபோது அடியில் 5 புத்தத் திருவுருவங்கள் கிடைத்தன. அன்று தொடங்கி 1934 வரை அந்த வட்டாரத்தில் எடுத்தவை ஏறக்குறைய 350 செப்புத் திருமேனிகள். சென்னை அருங்காட்சியகத்துக்காக டி. என். ராமச்சந்திரன் அவற்றைப் பற்றித் தனி நூலே 1954இல் எழுதினார். சில லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போய்விட்டன.

ஒப்பிட்டுப் பாருங்கள்: அதே 1267இல் இத்தாலியின் பைசா நகரத்து மணிக்கோபுரம் எந்த நிலையில் இருந்தது? 1172இல் பெர்த்தா என்ற கைம்பெண் கல் வாங்க 60 சோல்தி எழுதி வைத்தார். 1173இல் வேலை தொடங்கியது. 1178இல் மூன்றாம் மாடியைத் தொட்டபோது மண் இளகி ஒரு பக்கம் சாயத் தொடங்க, வேலை நின்றது. அடுத்த 94 ஆண்டு ஒரு கல்லும் ஏறவில்லை. ஆக, நாகைக் கோபுரம் முடிந்த நாளில் பைசா கோபுரம் மூன்று மாடியோடு அரைகுறையாக நின்றுகொண்டிருந்தது. 1272இல் மறுபடி கையில் எடுத்தார்கள். மணிகள் தொங்கும் உச்சி அறை முடிந்தது 1372 வாக்கில். மொத்தம் 199 ஆண்டு. இரண்டும் கடல் வணிகத்தால் கொழுத்த ஊர்கள், இரண்டும் கடலோர மண், இரண்டு கோபுரங்களும் ஒரே நூற்றாண்டைப் பார்த்தவை. பைசாவை உலகத்துக்கே தெரியும். நாகையை அந்த ஊர்க்காரரிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்?

நாகைக்கு வந்து போனவர்களின் வரிசையும் குறைந்ததல்ல. 1476இல் பர்மாவின் பெகு நகரத்தில் பொறித்த கல்யாணிக் கல்வெட்டு, கப்பல் உடைந்து தப்பிய பர்மியத் துறவிகள் நடந்தே நாகைக்கு வந்து, சீன நாட்டரசன் எடுப்பித்த குகைக் கோயிலில் புத்தரை வணங்கியதைச் சொல்கிறது. 1582இல் வெனிஸ் நகர நகை வணிகர் காஸ்பரோ பால்பி, சீனர் கோயில் என்று அழைக்கப்பட்ட கட்டடத்தின் அருகே கரையிறங்கினார். போர்த்துக்கீசியர் இருந்தார்கள், 1658இல் போனார்கள். டச்சுக்காரர் 123 ஆண்டு இருந்தார்கள், 1781இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். எவரும் கோபுரத்தை இடிக்கவில்லை. ஆனைமங்கலத்து நெல் நின்று எத்தனையோ நூற்றாண்டு ஆகியிருந்தும், கப்பலுக்கு அடையாளம் என்ற ஒரே வேலை அதைக் காப்பாற்றியது.

எதிர்க்கரையில் அதே வேலையைச் செய்தது நம் கெடாவின் ஜெராய் மலை. 1,217 மீட்டர் உயரம். தெளிவான நாளில் ஏறக்குறைய 125 கிலோமீட்டருக்கு அப்பால் கடலிலிருந்தே கண்ணுக்குத் தென்படக்கூடிய உயரம். நாகைக்கும் அம்மலையடியிலுள்ள மெர்போக்குக்கும் நேர்கோட்டில் சுமார் 2,300 கிலோமீட்டர். கிளம்பும் கரையில் மனிதன் கட்டிய அடையாளம், சேரும் கரையில் இயற்கை வைத்த அடையாளம்.

அந்த வழியில் பின்னாளில் வந்தவர்கள் நம்மவர்கள். செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு 1840களிலிருந்தே நாகைக் கடற்கரையில் கப்பலேறி ஆட்கள் வந்தார்கள். 1867க்கு முன் அங்கே கப்பலேறியவர்கள் கரையைத் திரும்பிப் பார்த்திருந்தால் அந்தக் கோபுரம் கண்ணில் பட்டிருக்கும். ரப்பர் காலத்தில் கங்காணியோடு வந்த கெடாத் தோட்டக்காரர்களுக்கும், 1926இல் கட்டிய ரஜூலா கப்பலில் 1973 வரை போய்வந்தவர்களுக்கும் அந்தக் காட்சி இல்லை.

இடிப்பு

1846இல் சர் வால்டர் எலியட் கோபுரத்தை நேரில் போய்ப் பார்த்தார். அமராவதிச் சிற்பங்களைத் தோண்டி எடுத்த அதே அதிகாரி. நான்கு பக்கம், மூன்று மாடி, சாந்து இல்லாமல் நெருக்கி அடுக்கிய செங்கல், ஒவ்வொரு பக்க நடுவிலும் ஒரு திறப்பு, மேலே கூரை இல்லை, இரண்டாம் மாடித் தளம் பொருந்தியிருந்த தடம் சுவரில் இருக்கிறது என்று குறித்தார். அடிப்பக்க மூலைகள் வண்டியும் மாடும் உரசித் தேய்ந்திருந்தன. மற்றபடி கட்டடம் உறுதி.

1859இல் அங்கே கல்லூரி நடத்திவந்த இயேசு சபையார் கோபுரத்தை இடிக்க அனுமதி கேட்டார்கள். செங்கல்லைப் புதுக் கட்டடத்துக்கு எடுத்துக்கொள்வது அவர்கள் எண்ணம். எட்டாண்டு காகிதம் நடந்தது. 1867 ஆகஸ்ட் 28இல் சென்னை அரசு அனுமதி கொடுத்தது. 1267 எட்டாம் மாதத்தில் முடிந்த கோபுரம், 1867 எட்டாம் மாதத்தில் இடிக்க உத்தரவானது. சரியாக 600 ஆண்டு.

தேதிகளை அடுக்கிப் பார்த்தால் மனம் ஆறவில்லை. வட இந்தியாவில் கன்னிங்காம் தலைமையில் 1861இல் தொடங்கிய தொல்லியல் ஆய்வைச் செலவு மிச்சம் பிடிக்க 1866இல் நிறுத்தினார்கள். மறுபடி தொடங்கியது 1871இல். அந்த ஐந்தாண்டு இடைவெளியில்தான் நாகைக் கோபுரம் விழுந்தது. பழஞ்சின்னப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1904இல். 37 ஆண்டு தாமதம். எலியட் இதைப் பற்றிக் கட்டுரை எழுதியது 1878இல். 11 ஆண்டு தாமதம். செங்கல் யாருக்காகப் போனதோ அந்தக் கல்லூரி 1883இல் நாகையை விட்டுத் திருச்சிக்குப் பெயர்ந்துவிட்டது. 600 ஆண்டு நின்றதை இடித்த பயன் 16 ஆண்டு.

குற்றத்தை ஒரு சபையின் தலையில் மட்டும் கட்ட நான் தயாரில்லை. இடிக்கக் கேட்டவர்கள் ஒரு மனு எழுதினார்கள். வைத்திருக்கக் கேட்டு ஊரில் யாரும் விடாப்பிடியாக நின்றதாகத் தெரியவில்லை. அரசின் செலவுப் பட்டியலில் அந்தக் கோபுரத்துக்கு ஒரு ரூபாய் வரிகூட இருந்ததாகத் தெரியவில்லை. கேட்பாரில்லாத சொத்தைக் கேட்டவனுக்குக் கொடுத்தார்கள்.

காத்த செலவு

இத்தாலியின் கணக்கை இங்கே வைப்பது நம்மைச் சிறுமைப்படுத்த அல்ல. பால்பியின் ஊரான வெனிஸில் 98.6 மீட்டர் உயர மணிக்கோபுரம் 1902 ஜூலை 14 காலையில் இடிந்து குவியலானது. அன்று மாலையே நகர மன்றம் கூடி, இருந்த இடத்தில் இருந்தபடியே கட்ட 5,00,000 லிரா ஒதுக்கியது. 1912 ஏப்ரல் 25இல் கோபுரம் திறக்கப்பட்டது. பத்தாண்டுக்குள்.

பாவியா நகரத்து இடைக்காலக் கோபுரம் 1989 மார்ச் 17இல் விழுந்து 4 பேர் மாண்டார்கள். அந்த அதிர்ச்சியில் 1990 ஜனவரி 7இல் பைசாவை மூடினார்கள். கட்டடத்தின் எடை 14,500 டன், சாய்வு ஐந்தரை டிகிரி. 1934இல் முசோலினி ஆட்சியில் அடித்தளத்தில் 361 துளை போட்டுச் சிமெண்டுக் குழம்பு இறக்கியதில் சாய்வு கூடியதே மிச்சம். இம்முறை அவசரப்படவில்லை. 1993இல் சாயாத பக்கத்து அடியில் 600 டன் ஈயக் கட்டிகளை வைத்தார்கள். பின்னர் அதே பக்கத்தின் அடியிலிருந்து மண்ணைக் குழாய்களால் சிறுகச் சிறுக உருவினார்கள். எடுத்த மண் மொத்தம் 38 கன மீட்டர். உச்சி ஏறக்குறைய 45 செண்டிமீட்டர் நிமிர்ந்தது. 2001 டிசம்பர் 15இல் கதவு திறந்தது. 12 ஆண்டுக்குச் சில நாள் குறைவு. அத்தனை ஆண்டும் ஒரு நாட்டின் செலவுக் கணக்கில் அந்தக் கோபுரத்துக்கு இடம் இருந்தது.

நம் கரைக் கணக்கு

இனி கெடா. பூஜாங் பள்ளத்தாக்கில் 1936-37இல் குவாரிட்ச் வேல்ஸ் தம்பதி 30 தொல்லியல் இடங்களைப் பதிந்தார்கள். புக்கிட் பத்து பகாட் சண்டியை (சண்டி என்பது பழங்கோயில்) 1959-60இல் அலஸ்டேர் லாம்ப் அகழ்ந்து, கிடந்த கல்லை எடுத்து மறுபடி அடுக்கினார். பெண்டியாட், பெண்டாங் டாலாம் சண்டிகளைப் பெயர்த்து மெர்போக் அருங்காட்சியக வளாகத்தில் வைத்திருக்கிறார்கள். இவை காத்தவை.

2013 டிசம்பரில் வெளிவந்த செய்தி வேறு. சுங்கை பத்து தோட்டத்தில் 11ஆம் எண் சண்டியை, வீட்டுமனைக்காக நிலத்தைத் திருத்திய இயந்திரங்கள் இல்லாமல் ஆக்கிவிட்டன. தனியார் நிலம், அரசிதழில் ஏறாத இடம் என்பது கிடைத்த விளக்கம். தேசிய மரபுச் சட்டம் 2005இல் வந்தது. நாகையில் சட்டம் வருவதற்கு 37 ஆண்டு முன்பு இடித்தார்கள். இங்கே சட்டம் வந்து 8 ஆண்டு கழித்து இடித்தார்கள். சட்டம் இருந்தும் பட்டியலில் பெயர் இல்லை. தோட்டத்துக்காரனுக்கு இது புரியாத விஷயமா?

தோட்டங்கள் துண்டாகி விற்கப்படுகின்றன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் மனைக்கட்டு வருகிறது. அந்த நிலங்களில் நம் கோயில்கள் நிற்கின்றன. நூறாண்டைத் தொட்டவையும் உண்டு. நிலம் கைமாறும் நாளில் கோயில் எத்தனை காலமாக நிற்கிறது என்ற கேள்வி வரும். பெரியவர்களின் வாய்ச்சொல்லை அலுவலகத்தில் பதிவாக ஏற்பதில்லை. செக்ரோலில் பிடித்த மாதச் சந்தா, திருவிழாவுக்கு வாங்கிய அரிசி மூட்டை, கூரைத் தகரத்தின் விலை, கொத்தனாருக்குக் கொடுத்த கூலி என்று எழுதிய பழைய வரவு செலவுப் புத்தகங்கள்தான் அங்கே பேசும். ஆனைமங்கலத்தின் 3 நாழி ஆயிரம் ஆண்டு கழித்தும் பேசுகிறது.

கரங்கானிலிருந்து மெர்போக் அருங்காட்சியகத்துக்குக் காரில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போங்கள். அதற்கு முன், உங்கள் தோட்டத்துக் கோயில் பழைய கணக்குப் புத்தகங்கள் யார் வீட்டு அலமாரியில் இருக்கின்றன என்று விசாரியுங்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். ஒரு பிரதி கோயிலில் இருக்கட்டும், இன்னொன்றை நூலகத்தில் சேருங்கள். இந்த ஆண்டுத் திருவிழாக் கூட்டத்தில் அதையே முதல் தீர்மானமாக வையுங்கள்.